சமுதாயக் கல்லூரி: படித்து முடித்த பின் என்ன?

படிப்பைப் பாதியில் விட்டவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். சிலர் 8-ஆம் வகுப்போடு நின்றவர்கள். சிலர் 10-ஆம் வகுப்பு முடித்தவர்கள். ப்ளஸ் டூவில் ஒரு பாடம், இரண்டு பாடம் போனவர்களும் உண்டு. "இனி இவர்களுக்குப் படிப்பு ஏது?" என்று ஊர் சொல்லிவிடும்.

இவர்களை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டவையே சமுதாயக் கல்லூரிகள். குறைந்த செலவு. பெரும்பாலும் ஒரு வருடப் படிப்பு. கையால் செய்து பழகும் தொழில். இதுவே அதன் நோக்கம்.

ஆனால் ஒரு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. அந்த ஒரு வருடம் சம்பளம் வராது. பஸ் செலவு உண்டு. கட்டணம் உண்டு. படித்து முடித்த பின் வேலை கிடைக்குமா? மேலே படிக்க முடியுமா? சேருவதற்கு முன்பே இந்த இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

இந்தக் கல்லூரி எப்படி வந்தது?

அமெரிக்காவில் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1901-இல் அங்கே இரண்டு வருடக் கல்லூரி ஒன்று தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 6 பேர்தான். சொந்த ஊரிலேயே இரண்டு வருடம் படிக்கலாம். பிறகு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். இந்த வழி அங்கே பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊருக்கு ஊர் இத்தகைய கல்லூரிகள் பெருகின.

நம் நாட்டில் 1995-இல் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1996-இல், சென்னையில் ஒன்று தொடங்கியது. பிறகு பல மாநிலங்களில் தொண்டு நிறுவனங்களும் கல்லூரிகளும் இதே வழியில் வகுப்புகளை நடத்தின. 2009-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு முழுவதும் சமுதாயக் கல்லூரித் திட்டத்தைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அந்தத் திட்டம் நின்றுபோனது. 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளிலேயே சமுதாயக் கல்லூரி நடத்த நிதி கொடுக்கத் தொடங்கியது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. திட்டங்கள் வரும், சில நின்றும் போகும். பக்கத்து வீட்டு அண்ணன் 10 வருடத்துக்கு முன் வாங்கிய சான்றிதழும் இன்று நமக்குக் கிடைக்கப்போகும் சான்றிதழும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. இன்றைய நிலையை இன்றே விசாரிக்க வேண்டும்.

ஒரு நோட்டீஸ்

புதுச்சேரியில் கடலோரக் குப்பம் ஒன்றில் மாலையில் படிப்பகம் நடக்கிறது. மீன் விற்கும் ஓர் அம்மா அங்கே வந்து எழுதப் படிக்கக் கற்றார். ஒரு நாள் கையில் ஒரு நோட்டீஸோடு வந்தார். மகளும் கூட வந்தாள். மகளுக்கு வயது 19. ப்ளஸ் டூவில் இரண்டு பாடம் போய்விட்டது. ஒரு வருடமாக ஜவுளிக்கடையில் நிற்கிறாள்.

அம்மா: டீச்சர், இந்த நோட்டீஸ நானே படிச்சேன். நர்ஸ் படிப்புன்னு போட்டிருக்கு. ஒரே வருசம்தானாம். கம்மல அடகு வச்சாவது சேத்துடலாம்னு இருக்கேன்.

டீச்சர்: நீங்களே படிச்சீங்களா? ரொம்ப சந்தோஷம் அக்கா. அந்த வரிய இன்னொரு தரம் படிங்க. முழுசாப் படிங்க.

அம்மா: நர்சிங்... உதவி... உதவியாளர்.

டீச்சர்: நர்சிங் உதவியாளர். நர்ஸ் வேற, நர்சிங் உதவியாளர் வேற.

அம்மா: என்ன டீச்சர் வேற? ரெண்டும் ஆஸ்பத்திரி வேலைதானே?

டீச்சர்: ஆஸ்பத்திரி வேலைதான். உதவியாளர் நோயாளிய எழுப்பி உக்கார வைப்பாங்க, குளிப்பாட்டுவாங்க, படுக்கைய மாத்துவாங்க, நர்ஸ் சொல்ற வேலைய செய்வாங்க. வீட்டுல இருக்கிற வயசானவங்களப் பாத்துக்கவும் போவாங்க. நல்ல வேலைதான். ஆனா நர்ஸா இருக்கணும்னா நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணணும். அதுக்கு வேற படிப்பு இருக்கு. துணைச் செவிலியர் படிப்பு 2 வருசம். செவிலியர் டிப்ளமோ 3 வருசம். நர்சிங் பட்டம் 4 வருசம். எல்லாத்துக்கும் ப்ளஸ் டூ பாஸ் பண்ணியிருக்கணும்.

மகள்: அப்ப இத படிச்சா நான் நர்ஸ் ஆக முடியாதா டீச்சர்?

டீச்சர்: இத மட்டும் படிச்சா ஆக முடியாதும்மா. இத படிச்சு வேலைக்குப் போயிட்டே ப்ளஸ் டூவையும் முடிச்சா, அப்புறம் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போடலாம். உனக்கு எது வேணும்? இப்பவே ஒரு வேலையா, இல்ல நர்ஸ் ஆகணுமா?

மகள்: நர்ஸ் ஆகணும். ஆனா இப்ப வீட்டுக்கும் காசு வேணும். காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் கடையில நின்னு கால் வீங்கிப் போகுது. அங்க பத்து வருசம் நின்னாலும் அதே வேலைதான்.

அம்மா: நோட்டீஸுல நூத்துக்கு நூறு வேலைன்னு போட்டிருக்கே டீச்சர்?

டீச்சர்: அத நம்பவும் வேணாம், பொய்னு தள்ளவும் வேணாம். நேருல போய்க் கேப்போம். கேக்கறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு கணக்குப் போடுவோம்.

முதல் கணக்கு: ஒரு வருடத்தின் விலை

டீச்சர் கரும்பலகையில் எழுதினார். இவை கணக்குப் பழகுவதற்காக எழுதிய தொகைகள். உங்கள் வீட்டுத் தொகையைப் போட்டு நீங்களும் செய்து பாருங்கள்.

ஜவுளிக்கடைச் சம்பளம் மாதம் 8,000 ரூபாய்.
12 மாதத்துக்கு 96,000 ரூபாய். படிக்கப் போனால் இது வராது.
படிப்புக் கட்டணம் 6,000 ரூபாய்.
பஸ் செலவு மாதம் 500. வருடத்துக்கு 6,000 ரூபாய்.
மொத்தம் 1,08,000 ரூபாய்.

கட்டணம் வெறும் 6,000 என்று நினைத்தோம். உண்மையான செலவு ஒரு லட்சத்துக்கு மேல்.

படித்த பின் மாதம் 11,000 ரூபாய்க்கு வேலை கிடைத்தால், முன்பைவிட மாதம் 3,000 கூடுதல். வருடத்துக்கு 36,000 கூடுதல். 1,08,000 ரூபாயை ஈடுசெய்ய 3 வருடம் ஆகும்.

படித்த பின் 9,000 ரூபாய்தான் கிடைக்கிறது என்றால்? மாதம் 1,000 கூடுதல். வருடத்துக்கு 12,000. ஈடுசெய்ய 9 வருடம் ஆகும்.

அரை நாள் வகுப்பாக இருந்து, மீதி அரை நாள் கடையில் 4,000 ரூபாய்க்கு வேலை செய்ய முடிந்தால்? இழப்பு 48,000. கட்டணமும் பஸ்ஸும் 12,000. மொத்தம் 60,000. பிறகு 11,000 ரூபாய் வேலை கிடைத்தால் 20 மாதத்தில் ஈடாகிவிடும்.

ஆகவே கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. வகுப்பு எந்த நேரம், முடித்தவர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது கணக்கு: "நூற்றுக்கு 80 பேருக்கு வேலை"

இப்படி விளம்பரம் செய்யும் கல்லூரி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

சேர்ந்தவர்கள் 40 பேர்.
படித்து முடித்தவர்கள் 30 பேர்.
வேலை கிடைத்தவர்கள் 24 பேர்.
படித்த தொழிலிலேயே வேலை கிடைத்தவர்கள் 15 பேர்.
ஒரு வருடம் கழித்தும் அந்த வேலையில் இருப்பவர்கள் 12 பேர்.

30 பேரில் 24 பேர் என்றால் நூற்றுக்கு 80. விளம்பரத்தில் பொய் இல்லை. ஆனால் சேர்ந்த 40 பேரில் 24 பேர் என்றால் நூற்றுக்கு 60. சேர்ந்த 40 பேரில், படித்த தொழிலில் ஒரு வருடம் நிலைத்தவர்கள் 12 பேர். அது நூற்றுக்கு 30.

சேரும்போது நாம் 40 பேரில் ஒருவர். ஆகவே 40-ஐ வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

படிப்பை விட்ட 10 பேர் ஏன் விட்டார்கள் என்றும் கேட்க வேண்டும். பணம் இல்லாமல் விட்டார்களா? கல்யாணம் ஆகி விட்டார்களா? பாடம் சரியாக நடக்கவில்லை என்று விட்டார்களா? காரணம் தெரிந்தால் நம் வீட்டில் அது நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

நேரில் போய்க் கேட்டார்கள்

சனிக்கிழமை அம்மாவும் மகளும் கல்லூரிக்குப் போனார்கள். டீச்சர் எழுதிக் கொடுத்த கேள்விகளை அம்மாவே படித்துக் கேட்டார். நீங்களும் இந்தக் கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. சான்றிதழ் தருவது யார்? எந்தப் பல்கலைக்கழகம்? எந்த அரசு அமைப்பு? அந்த அனுமதி இந்த ஆண்டுக்கும் இருக்கிறதா? கடிதத்தைக் காட்ட முடியுமா?
2. போன வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? எத்தனை பேர் முடித்தார்கள்? எத்தனை பேர் அதே தொழிலில் இருக்கிறார்கள்?
3. நேரடிப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எந்தப் பட்டறையில், எத்தனை மாதம்? அதற்கு உதவித்தொகை உண்டா?
4. இந்தச் சான்றிதழை வைத்து அடுத்து எந்தப் படிப்பில் சேரலாம்?
5. மொத்தக் கட்டணம் எவ்வளவு? சீருடை, தேர்வு, புத்தகம் எல்லாம் சேர்த்தா? ரசீது தருவார்களா?
6. போன வருடம் படித்தவர்கள் இரண்டு பேரோடு பேச முடியுமா?

ஐந்து கேள்விகளுக்கு அங்கே பதில் கிடைத்தது. இரண்டாவது கேள்விக்கு மட்டும் எழுத்தில் கணக்கு இல்லை. ஆனால் முன்பு படித்த இரண்டு பெண்களைக் காட்டினார்கள். ஒருத்தி தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். இன்னொருத்தி வேலையை விட்டுவிட்டாள். "ராத்திரி ஷிப்ட். திரும்பி வர பஸ் இல்லை. வீட்டில் போக விடவில்லை" என்றாள். அம்மா அதைக் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் பேசினார்கள். மகள் சேருவதென்று முடிவானது. ஆனால் கம்மலை அடகு வைக்கவில்லை. கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்ட அம்மா கேட்டு வாங்கியிருந்தார். வகுப்பு மதியத்தோடு முடியும். மாலையில் கடையில் அரைச் சம்பள வேலை. அதே வருடம் ப்ளஸ் டூவில் போன பாடங்களையும் எழுதுவது என்று பேசி வைத்தார்கள். பயிற்சி ஆஸ்பத்திரி பஸ் போகும் வழியில் இருக்க வேண்டும் என்றும் கேட்பது என்று முடிவு செய்தார்கள்.

மேலே படிக்க என்ன வழி?

படித்து முடித்தவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. சம்பள வேலை ஒன்று. சொந்தத் தொழில் ஒன்று. மேல்படிப்பு ஒன்று. முதல் இரண்டையும் எல்லாரும் பேசுவார்கள். மூன்றாவது வழியைப் பற்றி நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் நான்கு செய்திகளை மனத்தில் வைக்க வேண்டும்.

முதல் செய்தி: டிப்ளமோ என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் மதிப்பு ஒன்று இல்லை. பாலிடெக்னிக் டிப்ளமோ 3 வருடம். அதை முடித்தவர்கள் பொறியியல் பட்டப் படிப்பில் நேரடியாக 2-ஆம் வருடத்தில் சேரலாம். சமுதாயக் கல்லூரியின் ஒரு வருட டிப்ளமோவுக்கு அந்த வசதி இல்லை. இயந்திரத் தொழிலில் மேலே போக விரும்பும் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யையும் விசாரிக்க வேண்டும். 10-ஆம் வகுப்பும் இரண்டு வருட ஐ.டி.ஐ.யும் முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் 2-ஆம் வருடத்தில் சேர வழி உண்டு.

இரண்டாவது செய்தி: தொழில் பட்டப் படிப்பு என்று ஒன்று 2014 முதல் பல கல்லூரிகளில் வந்தது. அதில் ஒரு வருடம் முடித்தால் டிப்ளமோ. இரண்டு வருடம் முடித்தால் மேல்நிலை டிப்ளமோ. மூன்று வருடம் முடித்தால் பட்டம். நடுவில் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தும் படிக்கலாம் என்பதே இதன் நோக்கம். இதில் சேர ப்ளஸ் டூ வேண்டும். 2021-இல் கல்விக் கணக்கு வங்கி என்ற ஏற்பாடும் வந்தது. வங்கியில் பணம் சேருவது போல, படித்த பாடங்களின் மதிப்பு நம் பெயரில் கணக்கில் சேரும். அதில் சேர்ந்துள்ள கல்லூரிகளுக்கே இந்த வசதி உண்டு. நம் கல்லூரி அதில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது செய்தி: ப்ளஸ் டூ இல்லாதவர்கள் அதை முடிப்பது நல்லது. பல அரசு வேலைகளுக்கு 10, 12, பட்டம் என்ற வரிசையைக் கேட்கிறார்கள். 12-ஐத் தாண்டிக் குதித்து வாங்கிய பட்டம் அங்கே செல்லாமல் போகலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இதற்கு உதவுகிறது. இது 1989-இல் தொடங்கியது. வேலை செய்துகொண்டே 10-ஆம் வகுப்பும் 12-ஆம் வகுப்பும் எழுதலாம். வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. ஒரே தடவையில் எல்லாப் பாடமும் எழுத வேண்டியதில்லை. 5 வருடத்துக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். முன்பு வேறு இடத்தில் தேர்ச்சி பெற்ற சில பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

பெரியவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. அ, ஆ, இ என்பது போல மூன்று நிலைத் தேர்வுகள் இருக்கின்றன. முதல் நிலை 3-ஆம் வகுப்புக்குச் சமம். இரண்டாம் நிலை 5-ஆம் வகுப்புக்குச் சமம். மூன்றாம் நிலை 8-ஆம் வகுப்புக்குச் சமம். இந்தப் புத்தகத்தைப் படிக்கும் நீங்களும் அங்கே தொடங்கலாம்.

நான்காவது செய்தி: வழி திறந்திருக்கிறது என்பதால் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. அமெரிக்காவிலும் இதுதான் நிலை. அங்கே சமுதாயக் கல்லூரியில் சேரும் பெரும்பாலோர் பட்டம் வரை போகவே நினைக்கிறார்கள். ஆனால் சுமார் மூன்றில் ஒரு பங்கினர்தான் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார்கள். 6 வருடத்துக்குள் பட்டம் வாங்குபவர்கள் ஏறக்குறைய 6 பேரில் ஒருவர். காரணங்கள் நமக்கும் பழக்கமானவையே. வேலையும் படிப்பும் சேர்ந்த சுமை. பணக் கஷ்டம். பிள்ளை வளர்ப்பு. இங்கே படித்த பாடத்தை அங்கே ஏற்றுக்கொள்ளாதது. ஆகவே அடுத்த படியை முதல் வருடத்திலேயே திட்டமிட வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்றால் அந்த அப்புறம் வருவதே இல்லை.

கவனம்!

படிப்பில் சேரும்போது பள்ளிச் சான்றிதழின் அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அசலைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. நகல் மட்டும் கொடுங்கள்.

கட்டிய பணத்துக்கெல்லாம் ரசீது வாங்குங்கள். பெயர், தேதி, தொகை மூன்றையும் அங்கேயே படித்துப் பாருங்கள்.

அரசுக் கல்லூரியாக இருந்தால், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற விவரத்தை எழுதிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது.

சொல் அறிவோம்

சான்றிதழ் – படித்ததற்குத் தரும் அத்தாட்சித் தாள்.
தவணை – பகுதி பகுதியாகப் பணம் கட்டுவது.
ஈடு – இழந்ததற்குச் சமமாகக் கிடைப்பது.
அசல் – முதலில் தரப்பட்ட உண்மையான தாள்.
நகல் – அசலைப் பார்த்து எடுத்த படி.
உதவித்தொகை – பயிற்சிக் காலத்தில் தரும் பணம்.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.
1. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரியை எந்த ஆண்டு தொடங்கியது?
2. நர்ஸ், நர்சிங் உதவியாளர் – இருவருக்கும் என்ன வேறுபாடு?
3. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் எந்த வருடத்தில் சேரலாம்?

ஆ. கணக்குப் போடுங்கள்.
ஒரு தம்பி டீக்கடையில் மாதம் 7,000 ரூபாய் வாங்குகிறான். ஏ.சி. மெக்கானிக் படிப்பு ஒரு வருடம். கட்டணம் 12,000 ரூபாய். முடித்த பின் மாதம் 11,000 ரூபாய் கிடைக்கும் என்கிறார்கள். இழப்பும் செலவும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எத்தனை மாதத்தில் ஈடாகும்?

இ. கலந்து பேசுங்கள்.
வேலை கிடைத்தும் ஒரு பெண் அதை விட்டுவிட்டாள். பஸ் இல்லை என்றாள். வீட்டில் விடவில்லை என்றாள். இது அவள் மட்டும் தீர்க்க வேண்டிய பிரச்சினையா? கல்லூரி என்ன செய்யலாம்? ஆஸ்பத்திரி என்ன செய்யலாம்? வீட்டில் உள்ள ஆண்கள் என்ன செய்யலாம்? ஊர் என்ன செய்யலாம்?

ஈ. செய்து பாருங்கள்.
உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள தொழில் படிப்பின் நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவாருங்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு சொல் விடாமல் படியுங்கள். அதில் சொல்லாமல் விட்டது என்ன என்று பட்டியல் எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு இரண்டு பேர் கல்லூரிக்குப் போய்க் கேட்டு வந்து, அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் சொல்லுங்கள்.